ஐஸ் கைக்கு ஒரு கட்டுரை

ஆலங்கழிப் பொதுச் சுகாதாரப் பயிற்சி நிலையத்தின் நூலகத்துக்கு ஆன்லைன் ஆராய்ச்சி வளங்கள் வந்து சேர்ந்த அன்றுதான், துணை இயக்குநர் டாக்டர் ஞானசிகாமணியின் தலையில் முடி முளைத்தது.

அதற்கு முன்பு அந்த நூலகத்துக்குள் தானாக வந்தவை மழைக்காலத்தில் கூரை வழியாகத் தண்ணீரும், கோடையில் ஜன்னல் வழியாக உப்புக்காற்றும், எல்லாக் காலத்திலும் மின்விசிறிக்காக மட்டும் வந்து உட்கார்ந்து தூங்கும் பயிற்சி மாணவர்களும்தான். காலராவை ஒழிப்பது எப்படி என்று ஒரு கனத்த புத்தகம் இருந்தது. கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அதைத்தான் அண்டை கொடுத்திருந்தார்கள். இப்படிப்பட்ட இடத்தில்தான் ஒருநாள் நகரத்துக் கம்பெனிக்காரர்கள் இஸ்திரி கலையாத சட்டைகளோடு வந்து இறங்கி, கம்ப்யூட்டரை வைத்து, வயரை இழுத்து, உலகத்தின் எந்த மூலையில் எந்த டாக்டர் எந்த நோயைப் பற்றி ஆராய்ந்து எழுதியிருந்தாலும் இனி ஆலங்கழியில் உட்கார்ந்தபடியே திறந்துவிடலாம் என்று சொல்லி, பாஸ்வேர்டை நூலகர் செண்பகவடிவின் காதில் மட்டும் ஓதி, அதை வேறு யாரிடமாவது சொன்னால் சந்தாவே ரத்தாகிவிடும் என்று பயமுறுத்தி, வந்த காரிலேயே திரும்பிப் போனார்கள்.

திறப்பு விழாவுக்கு வந்த பிரமுகர் கம்ப்யூட்டருக்குக் குறுக்கே கட்டியிருந்த ரிப்பனை வெட்டிவிட்டு, தான் சிறுவயதில் எவ்வளவு தூரம் நடந்து போய்ப் படித்தார் என்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அந்தத் தூரம் மேடைக்கு மேடை கூடிக்கொண்டே போவது என்பதால், பேச்சு இப்போதைக்கு முடியாது என்று தெரிந்த துணை இயக்குநர் கம்ப்யூட்டர் முன்னால் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து, "ஏதாவது ஒண்ணைத் தேடிக் காட்டுங்கம்மா, பார்ப்போம்" என்றார்.

"என்ன தேடட்டும் சார்?"

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். கைக்குட்டையால் தலையைத் துடைத்துக்கொண்டார். "சும்மா ஒரு பேச்சுக்கு, வழுக்கைன்னு போடுங்க."

வடிவு போட்டாள். திரை கொள்ளாமல் கட்டுரைகள் வந்து விழுந்தன. மனிதகுலம் வேறு வேலை எதையும் பார்க்காமல் வழுக்கையைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. மேலாக இருந்த ஒன்றை அவள் திறந்ததும், பிரமுகர் நடந்துபோன பாதையில் ஆறு குறுக்கிட்ட இடத்தில் டாக்டர் ஞானசிகாமணியின் மண்டையில் கறுப்பாக ஒரு பச்சை பிடித்தது. பிரமுகர் ஆற்றை நீந்திக் கரையேறியபோது அது நாற்று நட்டாற்போல அடர்ந்தது. நன்றியுரை முடியும்போது துணை இயக்குநர் பக்கத்திலிருந்தவரிடம் சீப்பு கேட்டார். யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. அரசாங்கம் ஒரு திட்டம் போட்டால் அதனால் யாராவது ஒருவருக்கு நன்மை நடப்பது சகஜம்தான், அது முதலில் அதிகாரிக்கு நடப்பது இன்னும் சகஜம் என்று ஊரார் பேசிக்கொண்டே லட்டை வாங்கிக்கொண்டு கலைந்தார்கள். அறிக்கையில் 'தொடக்க நாள் பயன்பாடு திருப்திகரம்' என்று எழுதி மேலே அனுப்பினார்கள்.

விஷயம் எப்படி வேலை செய்கிறது என்பது சீக்கிரமே எல்லாருக்கும் பிடிபட்டுவிட்டது. நோய்க்காரர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும், அவருடைய நோயைப் பற்றி எங்கோ யாரோ எழுதிய கட்டுரையை வடிவு திறக்க வேண்டும், அவ்வளவுதான். சுருக்கத்தை மட்டும் திறந்தால் பாதி குணம், முழுக் கட்டுரையையும் திறந்தால் முழுக் குணம். குணம் ஒரு வாரம்போல நிற்கும், பிறகு மறுபடி வந்து உட்கார வேண்டும். கட்டுரையை யாரும் படிக்க வேண்டியதில்லை என்பதுதான் ஆலங்கழிக்கு மிகவும் பிடித்துப்போன அம்சம். படிக்க வேண்டும் என்றிருந்தால் திட்டம் அன்றைக்கே தோற்றிருக்கும்.

அதற்குப் பிறகு ஊர் அந்த அதிசயத்தைத் தன்னுடைய சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். நூலக வாசலில் இருந்த டீக்கடை 'ஆன்லைன் டீ ஸ்டால்' ஆனது. ஆட்டோக்காரர்கள் 'கம்ப்யூட்டருக்கா, ஆஸ்பத்திரிக்கா' என்று கேட்டு, கம்ப்யூட்டர் என்றால் கொஞ்சம் மரியாதையாக ஓட்டினார்கள். தனியார் டாக்டர்கள் இது அறிவியலுக்கு விரோதம் என்று ஊர்வலம் போனார்கள். ஊர்வலம் நூலகத்தைக் கடந்தபோது முன்வரிசையில் நடந்தவருக்கு முதுகு பிடித்துக்கொள்ள, அவரைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிக்கொண்டு போய், குணமாக்கி, திரும்ப வரிசையில் கொண்டுவந்து விட்டார்கள். அவர் விட்ட இடத்திலிருந்து கோஷத்தைத் தொடர்ந்தார். ஒரு பெரியவர் தனக்கு முதுமைதான் நோய் என்று சொல்லி உட்கார்ந்தார். முதுமை பற்றியும் கட்டுரைகள் குவிந்துதான் கிடந்தன, ஆனால் வடிவு திறந்தது நகத்தைப் பற்றிய கட்டுரையாகப் போய்விட்டதால் அவர் கிழவராகவே, பளபளக்கும் நகங்களோடு வீட்டுக்குப் போனார்.

எல்லா நோய்க்கும் கட்டுரைகள் ஒரே மாதிரி இல்லை என்பதும் மெல்ல மெல்லத் தெரியவந்தது. குறட்டைக்கு மலைபோல இருந்தது. தொந்திக்கு இருந்தது. கடலுக்கு அப்பால் விமானத்தில் போய்வந்தவர்களுக்கு வரும் களைப்புக்கு அவ்வளவு இருந்தது, ஆனால் ஆலங்கழியில் அந்தக் களைப்பு யாருக்கும் இருக்கவில்லை. இறால் கம்பெனி முதலாளி தனுஷ்கோடிக்குக் கால் கட்டைவிரலில் வாதம். நாலு பேர் தாங்கிக்கொண்டு வந்து உட்காரவைத்தார்கள், போகும்போது படியைத் தாண்டிக் குதித்துப் போனார். உப்பு அளத்தில் நின்று கால் வெடித்தவர்களும், வலைக்கயிறு இழுத்துத் தோள்பட்டை இறங்கியவர்களும் உட்கார்ந்தபோது மட்டும் கம்ப்யூட்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வேறு ஏதோ நாட்டில் வேறு ஏதோ வேலை செய்கிறவர்களின் காலையும் தோளையும் பற்றி ஒன்றிரண்டைக் காட்டியது. அவர்களுக்கு அந்த நாட்டுக் கணக்குக்கு அரைகுறையாகக் குணமாயிற்று. உழைக்கிறவர்கள் கொஞ்சத்தில் திருப்திப்படுகிறவர்கள் என்று டாக்டர் ஞானசிகாமணி முடியைக் கோதிக்கொண்டே பாராட்டினார்.

வடிவுக்கு இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, அவளுடைய மதினி ராசகனியின் ஆள்காட்டி விரல் கறுக்க ஆரம்பிக்கும்வரை.

ராசகனி, வடிவின் அண்ணன் பெண்டாட்டி. அண்ணன் மீன்லாரியோடு மாதத்தில் பாதி நாள் மலையாளக் கரையில் கிடப்பவன் என்பதால், அந்த வீடு என்பது இவர்கள் இரண்டு பேர்தான். கட்டிக்கொடுத்த இடம் ஒத்துவராமல் வடிவு ஒரு பெட்டியோடு திரும்பி வந்தபோது, ஊர் வாயைத் திறப்பதற்கு முன்னால் வாசலுக்கு வந்து பெட்டியை வாங்கி உள்ளே வைத்தவள் ராசகனி. 'பொஸ்தகம் பிடிக்கும்னா பொஸ்தகத்தையே படி' என்று சொல்லி அவளை நூலகப் படிப்புக்கு அனுப்பியதும், அதற்காகத் தனுஷ்கோடி முதலாளியின் ஷெட்டுக்கு இறால் உரிக்கப் போக ஆரம்பித்ததும் அவள்தான். படிப்பு முடிந்தது, வேலை கிடைத்தது, ராசகனி மட்டும் ஷெட்டை விட்டு வரவில்லை. வந்தால் பொழுது போகாது என்றாள்.

அந்த ஷெட்டில் பெண்கள் வரிசையாக நின்றுகொண்டு, ஐஸ் மிதக்கும் தொட்டிக்குள் கையை விட்டு, இறாலை எடுத்துத் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, குடலை உருவிப் போட வேண்டும். காலையில் கை வலிக்கும், மத்தியானம் மரத்துப்போகும், சாயங்காலம் கை என்று ஒன்று இருப்பதே தெரியாது. கொஞ்ச வருஷத்தில் காலையிலும் வலிக்காது. இதற்கு அவர்கள் ஐஸ் கை என்று பெயர் வைத்திருந்தார்கள். ஐஸ் கைக்காரிக்கு விரலில் ஓடு குத்தினால் தெரியாது. இறால் ரத்தத்தில் சிவந்து வந்தபிறகுதான் தெரியும். சூப்பர்வைசர் வந்து இறாலைக் கெடுத்ததற்காகத் திட்டுவான். ராசகனிக்குப் பக்கத்தில் நின்ற ஞானசெல்விக்குச் சுண்டுவிரலை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள், மறுவாரமே அவளைக் கம்பெனியிலும் எடுத்துவிட்டார்கள்.

"மதினி, விரலைக் காட்டுங்க" என்றாள் வடிவு ஒருநாள் காலையில்.

"என்னத்தக் காட்ட? தோசைக்கல்லுல கரி ஒட்டியிருக்கும்."

"இது கரி இல்ல."

ராசகனி விரலைப் பார்த்தாள், வேறு யாருடைய விரலையோ பார்ப்பதுபோல. "வலிக்கவே இல்லியே" என்றாள். "ஆஸ்பத்திரியில காட்டினேன். ஒரு மாசம் பாப்போம், எறங்கலைன்னா எடுத்துருவோம்னு சொல்லுதாவ. கால்சியம் மாத்திரை குடுத்திருக்காவ."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"ஊருக்கே சொஸ்தமாக்குத. உனக்குத் தெரியாதாக்கும்னு நெனச்சேன்" என்றாள் ராசகனி. அதில் குத்தல் எதுவும் இல்லை; அதுதான் வடிவை அதிகமாகக் குத்தியது.

அன்றைக்கே அவளை நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், குறட்டைக்காக உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டரை எழுப்பி அனுப்பிவிட்டு, அந்த நாற்காலியில் உட்காரவைத்தாள். ஐஸ் கை என்று போட்டாள். முடிவுகள் ஏதும் கிடைக்கவில்லை என்றது கம்ப்யூட்டர். மரத்த விரல், உரிக்கும் பெண்கள், குளிர்ந்த தண்ணீர் என்று மாற்றி மாற்றிப் போட்டாள். கடைசியில் இறால் என்று ஒரு சொல் சேர்த்ததும் கம்ப்யூட்டருக்கு உற்சாகம் வந்துவிட்டது. இறாலுக்கு வரும் வெள்ளைப்புள்ளி, இறாலுக்கு வரும் காய்ச்சல், இறாலின் மன உளைச்சல், ஐஸில் வைத்த இறாலின் நிறம் மாறாமலிருக்க வழி என்று பக்கம் பக்கமாகக் கொட்டியது. வடிவு ஆத்திரத்தில் ஒன்றைத் திறந்தாள். ஊருக்குத் தெற்கே தனுஷ்கோடி முதலாளியின் பண்ணைக்குளங்களில் நோயில் மிதந்துகொண்டிருந்த இறால்கள் எல்லாம் புரண்டு நிமிர்ந்து துள்ளின. ராசகனியின் விரல் அப்படியே இருந்தது.

அடியில் கையைப் பற்றி ஒரே ஒரு கட்டுரை கிடந்தது. தலைப்பில் இறால், பெண்கள், விரல் மூன்றும் இருப்பதைப் பார்த்த வேகத்தில் வடிவு அதை முழுசாகத் திறந்துவிட்டாள். உரிக்கும் பெண்களின் வேகத்தைக் கூட்டுவது எப்படி என்பது அதன் விஷயம். ராசகனியின் கைகள், உணர்ச்சி துளியும் இல்லாமலே, படபடவென்று ஓட ஆரம்பித்தன. வீட்டுக்கு வந்து பூண்டு முழுவதையும் உரித்தாள், வெங்காயத்தை உரித்தாள், உரிப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போனதும் அண்ணனின் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாக உரித்துப் போட்டாள். வடிவு இரண்டு கைகளையும் பிடித்துத் தன் மடிக்குள் அமுக்கிக்கொண்டு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாள். மறுநாள் குளங்கள் பிழைத்த சந்தோஷத்தில் முதலாளி நூலகத்துக்கு ஒரு கூடை இறால் அனுப்பினார். உரிக்காத இறால்.

வடிவு துணை இயக்குநரின் அறைக்குப் போய், மதினியின் கையைப் பற்றியும் ஷெட்டைப் பற்றியும் சொல்லி, "நீங்க ஒரு கட்டுரை எழுதணும் சார்" என்றாள்.

டாக்டர் ஞானசிகாமணி கெட்டவர் அல்ல. அவருக்குப் பதவி உயர்வுக்கு ஒரு கட்டுரை தேவைப்பட்டதும், அதற்கு ஒரு விஷயம் கிடைக்காமல் அவர் பல வருடங்களாகக் கஷ்டப்பட்டதும் நிலையம் முழுக்கத் தெரிந்த சங்கதி. ஆனால் இதைக் கேட்டதும் அவர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். முடி அழகாக அசைந்தது.

"இதைப் பத்தி முன்னால யார் எழுதியிருக்காங்க?"

"யாருமே எழுதலை சார். அதனாலதான் உங்ககிட்ட வந்தேன்."

"யாருமே எழுதாததை நான் எப்படிம்மா எழுதறது? மேற்கோள் காட்ட ஒண்ணு வேண்டாமா? மேற்கோள் இல்லாம எழுதினா அது ஆராய்ச்சி இல்லை, புகார்."

"அப்போ எல்லாத்தையும் முதல்ல எழுதினவங்க எதைப் பார்த்து எழுதினாங்க சார்?"

"அவங்கெல்லாம் வெளிநாட்டுக்காரங்க" என்றார் துணை இயக்குநர். பேச்சு அதோடு முடிந்தது.

வடிவு நூலகத்துக்குத் திரும்பிவந்தாள். வாசலில் வரிசை தெரு முனைவரை நின்றது. அவள் உள்ளே போய்க் கம்ப்யூட்டரை அணைத்தாள், கதவுக்கு அண்டையாக இருந்த காலராப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள், கதவைப் பூட்டினாள், 'நூலகம் பராமரிப்பில் உள்ளது' என்று ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிட்டாள். எது பராமரிப்பில் இருக்கிறது, யார் பராமரிக்கிறார்கள், எப்போது முடியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அரசாங்க அலுவலகத்தின் கதவில் தொங்கும் அட்டையை அப்படியே நம்பிவிடும் நல்ல பழக்கம் ஆலங்கழிக்கு இருந்தது.

ஒரு வாரத்துக்குள் ஊர் தன் பழைய உடம்புக்குத் திரும்பியது. இன்ஸ்பெக்டரின் குறட்டை காவல்நிலையத்தில் மறுபடி கேட்க ஆரம்பித்தது, கைதிகள் மனு கொடுத்தார்கள். தொந்திகள் வந்தன. ராசகனியின் கைகளில் உரிக்கும் வேகம் அடங்கியது. தனுஷ்கோடி முதலாளி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, காற்றுப் பட்டாலும் கத்தினார். டாக்டர் ஞானசிகாமணி அறைக்குள்ளேயே தொப்பி போட்டு உட்கார்ந்திருந்தார். நகரத்துக் கம்பெனிக்குப் போன் போட்டால், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று ஒரு பெண் உருக்கமாகச் சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டாள். பாட்டு முடிந்ததும் மறுபடியும் அதையே சொன்னாள். பாஸ்வேர்ட் தெரிந்த ஒரே ஆள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, பராமரிப்பு எப்படிப் போகிறது என்று விசாரிக்கிறவர்களிடம், "நடந்துட்டிருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மதினியின் விரலில் கறுப்பு முதல் கணுவைத் தொட்டிருந்தது.

கடைசியில் துணை இயக்குநரே டீக்கடைக்கு வந்தார். தொப்பி காற்றில் பறக்காமல் ஒரு கையால் பிடித்திருந்தார்.

"வடிவு, என்ன பராமரிப்பும்மா இது?"

"கட்டுரை குறையுது சார். ஒரு கட்டுரை குறைஞ்சா எல்லாம் நின்னுபோகுது. அதை எழுதிப் போட்டாத்தான் திறக்கும்."

"அப்படின்னு கம்பெனிக்காரங்க சொல்லலையே."

"கம்பெனிக்காரங்ககிட்ட பேசினீங்களா சார்?"

அவர் பேசவில்லை, பாட்டைத்தான் கேட்டிருந்தார். உன்னை வேலையை விட்டு அனுப்ப முடியும், தெரியுமா என்று அவர் மெதுவாகக் கேட்டார். தெரியும் சார் என்றாள் வடிவு. பாஸ்வேர்டும் என்கூட வந்துரும் என்றும் சொன்னாள். காற்று பலமாக அடித்தது. டாக்டர் ஞானசிகாமணி தொப்பியை அழுத்திக்கொண்டு, "பேஷண்டுகளை வரச் சொல்லு" என்றார்.

ஷெட்டுக்கு விடுமுறையான நாளில் உரிக்கும் பெண்கள் எல்லாரும் நல்ல சேலை கட்டிக்கொண்டு பயிற்சி நிலையத்துக்கு வந்தார்கள். துணை இயக்குநர் ஒவ்வொருத்தி விரலிலும் ஊசியால் குத்திப் பார்த்தார். அவர்கள் குத்து வாங்கிக்கொண்டே மீன் விலையைப் பற்றியும், புதிதாக வந்த சூப்பர்வைசரின் மீசையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள்; ஒருத்திகூட கையைப் பின்னால் இழுக்கவில்லை. வரிசை பாதி முடிந்தபோது அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றார். திரும்பி வந்தபோது தொப்பியைக் கழற்றி வைத்திருந்தார். மீதிப் பேரை ஊசியால் குத்தாமல், கையைப் பிடித்துப் பார்த்தார்.

எழுதினார். தலைமுடி ஒரு பக்கம், பதவி உயர்வு ஒரு பக்கம், அந்த ஊசி ஒரு பக்கம் என்று மூன்றும் அவரைத் துரத்தியதில், வாழ்நாளில் ஒரு பக்கம் எழுதாத மனிதர் ஒரே மூச்சில் எழுதி முடித்தார். எந்தப் பத்திரிகை சீக்கிரம் போடும் என்று தேடி, எதையும் பூட்டி வைக்காமல் எல்லாருக்கும் சும்மா திறந்து போட்டுவிடுகிற ஒரு பத்திரிகைக்கு அவசரத்தில் அனுப்பினார். அவர்களும் அதே அவசரத்தில் போட்டார்கள். மேற்கோள்கள் என்ற இடத்தில் ஒன்றுமே இல்லாததைப் பார்த்து அவருக்கே சங்கடமாக இருந்தது. அதனால் அந்த இடத்தில் உரிக்கும் பெண்களுக்கு நன்றி என்று போட்டிருந்தார்.

வடிவு அட்டையைக் கழற்றிக் கதவைத் திறந்தாள். நாற்காலி ஒன்று போதாதென்று பெஞ்சுகளைப் போட்டுப் பெண்களை உட்காரவைத்தாள். ராசகனி முன்னால் உட்கார்ந்து, கறுத்த விரலை மேசைமேல் ஒரு பொருளை வைப்பதுபோல வைத்தாள். கட்டுரை திறந்தது. ஐஸ் கை என்று ஒரு நோய் உண்டு, காரணம் ஐஸ், மேலும் ஆராய்ச்சி தேவை. இவ்வளவுதான் அதன் சாரம். குணப்படுத்துவதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை, ஏனென்றால் அதை எழுதியவருக்குத் தெரியாது.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பின்பெஞ்சில் ஒருத்தி, "ஏட்டி, குத்துது" என்றாள். அடுத்தவள் கையை உதறினாள். அறை முழுக்கச் சேலைகள் சரசரத்தன. கைகளை அக்குளில் வைத்தார்கள், வாயில் வைத்து ஊதினார்கள். ராசகனி பல்லைக் கடித்தாள். வருஷக்கணக்கில் கைக்குள் நுழைய வழியில்லாமல் வாசலிலேயே நின்றிருந்த வலி எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே வந்துகொண்டிருந்தது. கறுத்த விரலின் கணுவில் சிவப்பு ஒரு கோடுபோல வந்து, கறுப்பை நுனி நோக்கித் தள்ள ஆரம்பித்தது.

"மூடட்டுமா மதினி?" என்றாள் வடிவு பயந்துபோய்.

"மூடின, உன் கையை ஒடிச்சுருவேன்" என்றாள் ராசகனி, கண்ணீர் ஒழுக.

மறுநாள் காலையில் ஷெட்டில் பெண்கள் வழக்கம்போல வரிசையாக நின்று தொட்டிக்குள் கையை விட்டார்கள். உடனே எல்லாரும் வெளியே எடுத்துவிட்டார்கள். அதற்கு யாரும் கூட்டம் போடவில்லை, கொடி பிடிக்கவில்லை, ஒருத்தி முகத்தை இன்னொருத்தி பார்க்கவும் இல்லை. கொதிக்கிற பாத்திரத்தில் கை பட்டால் எடுப்பதுபோல எடுத்தார்கள், அவ்வளவுதான். சூப்பர்வைசர் திட்டினான், மறுபடி விட்டார்கள், மறுபடி எடுத்தார்கள். ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. நோய் திரும்புவதற்குள் பிடித்துவைத்த, கொழுத்த, பளபளப்பான இறால்கள் உரிக்க ஆளில்லாமல் மலைபோலக் கிடந்து மணக்க ஆரம்பித்தன.

தனுஷ்கோடி முதலாளி அன்றைக்கு நூலகம் திறந்ததும் முதல் ஆளாகக் கட்டைவிரலைச் சரிசெய்துகொண்டு, நேராக ஷெட்டுக்கு வந்தார். கையோடு வடிவையும் காரில் ஏற்றிக் கொண்டுவந்தார்.

"இதுல என்ன இருக்கு? தண்ணி கொஞ்சம் குளிருது, அவ்வளவுதான" என்று சொல்லித் தொட்டிக்குள் கையை விட்டார். அந்த ஷெட்டைக் கட்டியதிலிருந்து அவர் அதற்குள் கைவிட்டது அதுதான் முதல் தடவை. பெண்கள் எல்லாரும் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. கையை எடுத்து வேட்டி மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டு, வேறு விஷயம் பேசுவதுபோல வடிவிடம் திரும்பினார். "நீ அந்தக் கட்டுரையை மூடிரு, வடிவு."

"நூலகத்துல அப்பவே மூடியாச்சு முதலாளி. இவங்க போன்ல திறந்திருக்கதை நான் எப்படி மூட? அதுக்குப் பாஸ்வேர்டே கிடையாது."

உண்மைதான். டாக்டர் ஞானசிகாமணியின் அவசரத்தால் அந்த ஒரு கட்டுரை மட்டும் பூட்டு இல்லாமல் உலகத்தில் கிடந்தது. ராசகனி இடுப்பிலிருந்து கீறல் விழுந்த போனை எடுத்துக் காட்டினாள். எழுத்து பொடிப்பொடியாகத் தெரிந்தது. அவளும் அதைப் படித்திருக்கவில்லை.

முதலாளி மேலே பேசினார். மேலே இருந்தவர்கள் அதற்கும் மேலே பேசினார்கள். ஏற்றுமதியைக் கெடுக்கும் நோக்கத்தோடு ஒரு நூலகம் செயல்படுவதாகத் தெரியவந்ததால் ஆன்லைன் ஆராய்ச்சி வளங்களுக்கான சந்தா நிறுத்தப்பட்டது. நகரத்துக் கம்பெனிக்காரர்கள் அதே இஸ்திரிச் சட்டைகளோடு வந்து வயரைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். ஆலங்கழிக்குக் கோபம் வந்தது. கோபம் வரவேண்டிய இடத்தை விட்டுவிட்டு வசதியான இடத்தில் வந்தது. நாலு இறால்காரிகளுக்காக ஊரே குறட்டையில் கிடக்க வேண்டுமா என்று கேட்டார்கள். ஆன்லைன் டீ ஸ்டால் வடிவுக்கு டீ கொடுப்பதை நிறுத்தியது. தனியார் டாக்டர்கள், அறிவியல் வென்றது என்று இனிப்புக் கொடுத்தார்கள். தனுஷ்கோடி முதலாளி மட்டும், கப்பல் காத்திருக்க, இறால் நாற, வேறு வழியில்லாமல் கனத்த ரப்பர் கையுறைகளும், இடைவேளையில் கை நனைக்க வெந்நீர் அண்டாவும் வாங்கிப் போட்டு, தொழிலாளர் நலனில் தனக்கு எப்போதும் இருந்துவரும் அக்கறையைப் பற்றி ஷெட் வாசலில் ஒரு பேனரும் கட்டினார். கரையோரம் தெற்கேயும் வடக்கேயும் வேறு ஊர் ஷெட்டுகளில் பெண்கள் தொட்டியிலிருந்து கையை எடுத்துவிடுவதாகச் செய்தி வந்துகொண்டிருந்தது. டாக்டர் ஞானசிகாமணிக்குப் பதவி உயர்வு கிடைத்தது. பாராட்டு விழாவில் தொப்பி போடாமல், பளபளக்கும் மண்டையோடு நின்று பேசினார். மேலும் ஆராய்ச்சி தேவை என்று முடித்தார்.

வடிவை மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊருக்கு மாற்றினார்கள். அங்கேயும் ஒரு சுகாதார நூலகம் இருந்தது; ஒரே ஒரு இரும்பு பீரோ, அதற்கும் சாவி தொலைந்து வெகுநாளாயிற்று என்று விசாரித்தபோது சொன்னார்கள்.

கிளம்பிய காலையில் ராசகனி பஸ் நிலையத்துக்குக் கூட வந்தாள். பாதி ஷெட்டும் வந்திருந்தது. எல்லாரும் மீன் விலையைப் பேசினார்கள். வடிவின் பெட்டி கனமாக இருந்தது. கைப்பிடிக் கம்பியின் உறை போய், இரும்பு வெறுமையாக நின்றது. அதைத் தூக்கிக்கொண்டு நின்ற ராசகனி முகத்தைச் சுளித்தாள்.

"சனியன் பிடிச்ச கம்பி, கையை அறுக்குது."

"குடுங்க மதினி, நான் வச்சுக்கிடுதேன்."

"நீ சும்மா இரி" என்றாள் ராசகனி. "அறுக்கட்டும்."

பஸ் வரும்வரை அவள் பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு, வாய் ஓயாமல் கம்பியைத் திட்டிக்கொண்டு நின்றாள், கீழே வைக்கவேயில்லை.